செவலை தலையைத் தூக்கியபோதெல்லாம்: கடித்த நாய் ஒன்றைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஏறத்தாழ 4 வயதான, கருத்தடை செய்யப்பட்ட, 18 கிலோ எடையுள்ள கலப்பினப் பெண் நாய் ஒன்றை, எந்த அறிகுறியும் காட்டாமல் திடீரென்று கடிக்கிறது என்ற புகாருடன் ஒரு குடும்பத்தார், நாய்களின் நடத்தைச் சிக்கல்களைப் பார்க்கும் என்னிடம் அழைத்து வந்தனர். செம்பழுப்பு நிறத்தால் வீட்டில் அதற்குச் செவலை என்று பெயர். குடும்பத்தாரின் அடையாளம் வெளிப்படாதிருக்க மற்றப் பெயர்களையும் இடங்களையும் தவிர்த்திருக்கிறேன். கணவர், மனைவி, 11 வயது மகள், கணவரின் தாயார் என வீட்டில் நால்வர். ஆறு மாத இடைவெளியில் இரண்டு கடிகள் நிகழ்ந்திருந்தன. முதல் முறை, காலை நடைக்காக மார்புப்பட்டையைத் தலைவழியே மாட்டும்போது கணவரின் வலக்கையில் கடித்தது. இரண்டாம் முறை, சோபாவிலிருந்து இறக்குவதற்காகக் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தபோது மனைவியின் முன்கையில் கடித்தது. இரண்டாவது கடியில் தோல் கிழிந்ததால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் சென்றிருக்கிறார்கள். நாயை வைத்துக்கொள்வதா, வேறு யாரிடமாவது ஒப்படைப்பதா என்ற பேச்சு வீட்டில் தொடங்கிய பிறகே என்னைத் தேடி வந்தனர்.

செவலை இரண்டரை வயதில் இவர்களிடம் வந்த நாய். அதற்கு முந்தைய வாழ்க்கை பற்றி எவருக்கும் ஒன்றும் தெரியாது. குட்டிகளின் மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலம் மனிதர்களோடும் பிற உயிர்களோடும் பழகும் திறனுக்கு அடித்தளமிடுகிறது என்பது ஜான் பால் ஸ்காட்டும் ஜான் புல்லரும் 1965-இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஆனால் செவலையின் அந்த வாரங்கள் எப்படிக் கழிந்தன என்று துருவுவதில் பயனில்லை என்பதால் அந்தக் கேள்வியை முதல் சந்திப்பிலேயே ஒதுக்கிவைத்தேன். அடிபட்டு வளர்ந்திருக்கும் என்று கதை கட்டுவது எளிது. அந்தக் கதை கிடைத்தவுடன் நாயை இன்று எது உறுத்துகிறது என்று தேடுவதை நாம் நிறுத்திவிடுகிறோம்.

உறுமல் எங்கே போயிற்று

கேட்டுப் பார்த்ததில், செவலை தொடக்கத்தில் உறுமிக்கொண்டிருந்த நாய் என்பது தெரிய வந்தது. பட்டையை எடுத்தாலே உறுமும் என்பதால் குடும்பத்தார் ஒரு பயிற்சியாளரை அழைத்திருக்கிறார்கள். நாய் வீட்டாரை ஆள நினைக்கிறது என்று சொன்ன அவர், உறுமும்போதெல்லாம் வாரைச் சுண்டி இழுக்கவும், அடங்காவிட்டால் தரையில் பக்கவாட்டாகச் சாய்த்து அமுக்கிப் பிடிக்கவும் கற்றுக்கொடுத்திருக்கிறார். அந்த வேலை கணவரின் பொறுப்பாயிற்று. ஒரு மாதத்தில் உறுமல் நின்றுவிட, எல்லோரும் நிம்மதி அடைந்தார்கள். அடுத்த சில வாரங்களில் முதல் கடி நிகழ்ந்தது.

ஆதிக்கம் என்ற இந்த விளக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் வைத்து ருடால்ஃப் ஷெங்கெல் எழுதிய 1947-ஆம் ஆண்டு ஆய்வு, இடத்துக்காக ஓயாமல் போட்டியிடும் கூட்டம் என்ற சித்திரத்தைத் தந்தது. காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, அவற்றின் பிள்ளைகள் அடங்கிய குடும்பமே என்பதை ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். நாய்களின் நடத்தைச் சிக்கல்களை ஆதிக்கக் கோட்பாட்டைக் கொண்டு கையாளுவதற்கு எதிராக அமெரிக்க விலங்கு நடத்தைக் கால்நடை மருத்துவர் சங்கம் 2008-இல் தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் தரையில் அமுக்கும் வழக்கம் மறையாததற்குக் காரணம், அதைச் செய்தவுடன் நாய் அசையாமல் கிடப்பதுதான் என்று நினைக்கிறேன். அசையாமை பணிவாகப் படுகிறது, பார்க்கிறவருக்கு.

உறுமலுக்குத் தண்டனை கிடைத்தபோது செவலை கற்றுக்கொண்டது உறுமக்கூடாது என்பதை மட்டுமே. பட்டையின் மீதிருந்த அச்சம் அப்படியே இருந்தது. அதோடு, பட்டையை ஏந்தி வரும் கணவரின் மீதும் புதிதாக ஓர் அச்சம் சேர்ந்துகொண்டது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில் 92 வீட்டு நாய்களைப் பயிற்சிப் பள்ளிகளில் பதிவுசெய்து பார்த்தபோது, வலியும் அச்சமும் தரும் முறைகளில் பயிற்றப்பட்டவை மற்றவற்றைவிட அதிகமாக உதட்டை நக்கின, கொட்டாவி விட்டன. பயிற்சி முடிந்தபின் அவற்றின் உமிழ்நீரில் மனஅழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசாலும் கூடுதலாக உயர்ந்திருந்தது. கணவரிடம் இதை நான் அப்போது சொல்லவில்லை. தம் கையால் செய்த ஒன்றின் விளைவைத் தம் கையிலேயே வாங்கிக்கொண்ட மனிதரிடம் ஆய்வு முடிவுகளைப் படித்துக்காட்டுவது முறையாக எனக்குப் படவில்லை.

ஒலியில்லாமல் பார்த்த காணொளி

கடிக்கும் சூழலை மீண்டும் உருவாக்கிப் பார்க்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அதிர்ஷ்டவசமாக, முன்பு ஒருநாள் மகள் விளையாட்டாகச் செல்பேசியில் எடுத்த காணொளியில் பட்டை மாட்டும் காட்சி முழுவதும் பதிவாகியிருந்தது. அதை ஒலியை நிறுத்திவிட்டு, நான்கில் ஒரு பங்கு வேகத்தில், குடும்பத்தாரோடு உட்கார்ந்து பார்த்தேன். ஒலியோடு பார்த்தால் மனிதர்களின் பேச்சையே காது பின்தொடரும். நாய் கண்ணில் படாது.

பட்டையின் கொக்கி ஒலித்திருக்கக்கூடிய நொடியில், பக்கத்து அறைக் கதவருகே இருந்த செவலை நடையை நிறுத்துகிறது. காது மடல்கள் பின்னால் படிகின்றன. கணவர் நெருங்கும்போது தலையை வலப்புறம் திருப்பி, மூக்கை ஒருமுறை நக்குகிறது. அவர் குனிந்து நிழல் மேலே விழுந்ததும் வாலைத் தாழ்த்தி, முன்னங்கால் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறது. பட்டை தலையைத் தாண்டும்போது வாயை இறுக மூடி, விறைத்து, கண்ணின் வெண்பகுதி பிறைபோல் தெரியும்படி பக்கவாட்டில் பார்க்கிறது. அன்று கடிக்கவில்லை. காணொளி முடிந்ததும் மகள்தான் முதலில் பேசினாள்: "அப்பா, அது எத்தனை தடவை வேண்டாம்னு சொல்லியிருக்கு, பாருங்க."

அந்தக் காணொளியில் வேறொன்றும் இருந்தது. பட்டை இடக்காதை உரசியபோதுதான் செவலை விறைத்தது; வலக்காதின் பக்கம் அதே அளவு எதிர்வினை இல்லை. மாட்டி முடித்ததும் தலையைப் பலமாக உதறி, பின்னங்காலால் இடக்காதைச் சொறிந்தது. இதைப் பற்றிக் கேட்டபோது, "அது எப்பவும் அப்படித்தான் சொறியும்" என்றார் பாட்டி. பயிற்சி எதையும் தொடங்காமல் அவர்களைக் கால்நடை மருத்துவரிடம் அனுப்பினேன்.

மயக்க மருந்து கொடுத்துப் பரிசோதித்ததில் இடக்காதின் வெளிக்குழாய் வீங்கிச் சிவந்து, ஈஸ்ட் வகையான மலசேசியா பெருகியிருந்தது. செவிப்பறை பழுதின்றி இருந்தது. மயக்கம் தெளியும் முன்பே மருத்துவர் காதைச் சுத்தம்செய்து, ஒருமுறை இட்டால் சில வாரங்கள் உள்ளேயே தங்கிச் செயல்படும் மருந்தை இட்டார். இந்தத் தெரிவுக்கு நான் பெரிதும் கடன்பட்டிருக்கிறேன். நாள்தோறும் இருமுறை சொட்டுமருந்து என்றிருந்தால், நாள்தோறும் இருமுறை அந்த நாயோடு மல்லுக்கட்ட நேர்ந்திருக்கும். நடத்தைச் சிக்கலுக்காகக் கொண்டுவரப்படும் நாய்களிலும் பூனைகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் ஏதோ ஒரு வலி தொடர்புற்றிருப்பதாகவும், சில தொகுப்புகளில் அது 80 விழுக்காடு வரை செல்வதாகவும் டேனியல் மில்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2020-இல் எழுதினார்கள். ஒன்றரை ஆண்டாக அந்தக் காதோடு வாழ்ந்த நாயிடம், வலிக்கும் இடத்தின் வழியே பட்டையை இழுத்து மாட்டிவிட்டு, ஏன் உறுமுகிறாய் என்று கேட்டிருக்கிறோம்.

என் பிழை

காது ஆறும்வரை பழைய பட்டை அலமாரியில் கிடந்தது. நடை நிறுத்தப்பட்டது, சுற்றுச்சுவருக்குள் இருந்த முற்றமே போதுமென்று வைத்துக்கொண்டோம். உணவின் ஒரு பகுதியைப் புல்லில் தூவியும், சுருட்டிய துணிக்குள் ஒளித்தும் தேடவிட்டோம். சார்லட் டூரன்டனும் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் முகர்ந்து தேடும் பயிற்சி பெற்ற நாய்கள், உணவு இருக்குமா இல்லையா என்று உறுதியாகத் தெரியாத ஒரு கிண்ணத்தை அணுகும்போது முன்பைவிட நம்பிக்கையோடு விரைந்தன. கட்டளைப்படி உடன் நடக்கப் பழகிய நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை. தேடும் நாய் எங்கே போவது, எப்போது நிறுத்துவது என்பதைத் தானே தீர்மானிக்கிறது என்பதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

மறுபரிசோதனையில் காது சரியாகிவிட்டதாக மருத்துவர் கூறினார். ஆனால் கொக்கியின் ஒலி கேட்டால் செவலை மேசைக்கு அடியில் ஒதுங்குவது மாறவில்லை. எனவே, தலைவழியே மாட்டத் தேவையில்லாத, கழுத்தருகே திறந்து மூடும் புதிய பட்டை ஒன்றை வாங்கச் சொல்லி, பயிற்சியைத் தொடங்கினேன். இங்கேதான் தவறு செய்தேன்.

பட்டையை ஒரு கையில் பிடித்து, மறுகையில் தீனித் துணுக்கை வைத்து, பட்டையின் வளையத்துக்கு அப்பால் அதை நீட்டும்படி மனைவியிடம் சொன்னேன். பலரும் பரிந்துரைக்கும் வழி இது. செவலை வந்தது. பின்னங்கால்களைத் தொலைவிலேயே ஊன்றிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டி, துணுக்கைப் பறித்துக்கொண்டு பின்வாங்கியது. வருகிறதே என்று நான் மகிழ்ந்தேன். நான்காம் நாள், கழுத்தை நீட்டியிருந்தபோது கொக்கி கன்னத்தில் பட, காற்றைக் கடித்தது. யாருக்கும் காயமில்லை.

அந்தப் பின்னங்கால்களை நான் கவனித்திருக்க வேண்டும். அஞ்சும் பொருளின் அருகே உணவை வைத்தால், நாய் தானாக ஒருபோதும் வந்திராத தொலைவுக்கு உணவு அதை இழுத்து வந்துவிடுகிறது. துணுக்கு வாய்க்குள் போனதும், பட்டைக்கு மிக அருகில் நிற்கிறோம் என்பது மட்டுமே மிஞ்சுகிறது. தண்டனையோ இழுப்போ இல்லை, நாய் தன் விருப்பத்தில்தான் வந்தது என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பசித்தவனுக்கு முன்னால் நீட்டப்பட்ட சோற்றை விருப்பம் என்று சொல்வதைப் போன்றதுதான் அது. மென்மையான முறை என்ற பெயரில் நடக்கும் வேலைகளில் இந்தக் குறை நிறையவே இருக்கிறது என்று இப்போது கருதுகிறேன். வேண்டாம் என்று சொல்வதால் நாய் எதையும் இழக்காது என்றால்தான் அது வந்ததற்குப் பொருள் உண்டு.

தலையணை

இரண்டு வாரம் இடைவெளி விட்டு, அமைப்பை முழுவதும் மாற்றினோம். அறையின் இரு கதவுகளும் திறந்திருக்கும். பட்டை தரையின் நடுவே கிடக்கும். மனைவி ஒரு முக்காலியில், செவலையை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டாக உட்கார்ந்திருப்பார். செவலை பட்டையைப் பார்த்தாலோ ஓரடி நெருங்கினாலோ, தீனித் துணுக்கு அதன் பின்பக்கமாக, பட்டைக்கு எதிர்த்திசையில் எறியப்படும். உணவைத் தின்னப் போகும் நாய் பட்டையிலிருந்து விலகுகிறது. தின்ற பிறகு திரும்பி வருவதா இல்லையா என்பது அதன் முடிவு. மூன்றாம் நாளிலிருந்து, எறிந்ததைத் தின்றுவிட்டு ஓட்டமாகத் திரும்பி வரத் தொடங்கியது. பின்னங்கால்களும் சேர்ந்தே வந்தன.

அடுத்து ஒரு தாழ்ந்த தலையணையை வைத்து, அதில் தாடையை வைப்பதைக் கற்றுக்கொடுத்தோம். பட்டைக்குத் தொடர்பில்லாமல், தனியே, விளையாட்டாகக் கற்ற செயல் அது. பிறகு இதுவே தொடக்கக் குறியாயிற்று. தாடை தலையணையில் இருக்கும்வரை கை நெருங்கும். தாடை எழுந்தால், அரை அங்குலம் எழுந்தாலும், கை உடனே விலகும். விலகிய பின்பும் ஒரு துணுக்கு, சற்றுத் தள்ளி, தரையில் வைக்கப்படும்.

இந்தக் கடைசி விதியைத்தான் குடும்பத்தார் ஏற்கத் தயங்கினர். "மாட்ட விடலைன்னாலும் தீனியா? அப்புறம் எதுக்குங்க மாட்ட விடப் போகுது?" என்று பாட்டி கேட்டார். நியாயமான கேள்வி, எழுந்து போவதற்குக் கூலி கொடுத்தால் எழுந்து போவது கூடத்தானே வேண்டும்? என்னிடம் இருந்த பதில், ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள் என்பதுதான். மகள் சுவரில் தாளை ஒட்டிக் கோடு போட்டாள். முதல் இரு நாள்களில் கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் தலை எழுந்தது. ஒரே அமர்வில் தொடர்ந்து ஒன்பது முறை எழுந்த நாளும் உண்டு. கை உண்மையிலேயே நிற்கிறதா என்று அந்த நாய் சோதித்துப் பார்த்தது என்றே எனக்குப் பட்டது. வார இறுதிக்குள் அந்தக் கோடுகள் பாதிக்கும் கீழே குறைந்திருந்தன.

மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் 1967-இல் நாய்களை வைத்து நடத்திய சோதனையை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. எதைச் செய்தாலும் நிற்காத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்களில் பல, பிறகு தப்பிக்க வழி கிடைத்தபோதும் முயலாமல் கிடந்தன. இன்று மனச்சான்றுள்ள எவரும் செய்யத் துணியாத சோதனை அது. உதவியின்மையை அந்த நாய்கள் கற்றுக்கொண்டன என்று அப்போது விளக்கினார்கள். பெரிதும் எலிகளில் நடந்த பிற்கால மூளை ஆய்வுகளைக் கொண்டு 2016-இல் அதே இருவரும் தம் விளக்கத்தைத் தலைகீழாக்கினர்: நீடித்த துன்பத்தின்முன் செயலற்றுப் போவது மூளையின் இயல்பான எதிர்வினை, கற்றுக்கொள்ள வேண்டியிருப்பது, தன் செயலால் நிலைமை மாறும் என்பதைத்தான். அமுக்கிப் பிடித்தபோது அசையாமல் கிடந்த செவலைக்கும், தாடையைத் தூக்கிக் கையை நிறுத்திய செவலைக்கும் இடையிலுள்ள தொலைவை இந்தத் திருத்தம் எனக்கு விளக்கியது.

மீண்டும் உறுமல்

தலையணை முறை தொடங்கிய மூன்றாம் வாரம் கணவர் பதற்றத்தோடு அழைத்தார். அவர் முதல்முறையாகக் கையை நீட்டியபோது செவலை உறுமியதாகவும், எல்லாம் பழைய நிலைக்குப் போய்விட்டதோ என்று அஞ்சுவதாகவும் சொன்னார். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கையை எடுத்துவிட்டேன் என்றார். அந்த அழைப்பு எனக்குக் கொடுத்த மகிழ்ச்சியை அவருக்குப் புரியவைக்கச் சிறிது நேரம் பிடித்தது. நின்றுபோன உறுமல் திரும்பி வந்திருந்தது. அதுவும் அடக்கியவரிடமே வந்திருந்தது. அவரும் இம்முறை அதற்குச் செவிகொடுத்திருந்தார்.

அவருக்கென்று தனியாக வேறு வேலை கொடுத்தேன். பட்டையைத் தொடவே வேண்டாம். மாலையில் முற்றத்துத் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அழைக்கக் கூடாது, கையை நீட்டக் கூடாது. செவலை ஏன் பாட்டியின் காலடியிலேயே கிடக்கிறது என்று வீட்டார் முன்பு வியந்ததுண்டு. பாட்டி முட்டிவலிக்காரர், குனிந்து எதையும் பிடிக்க அவரால் இயலாது. நாய் அவரிடம் கண்ட நிம்மதிக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கணவர் உட்கார்ந்திருந்த ஒன்பதாம் மாலை செவலை அவருக்கு முதுகைக் காட்டியபடி, ஒரு கை தொலைவில் வந்து படுத்தது. மகள் கற்றிருந்த சோதனையை அதன்பின் அவரும் கற்றார்: மூன்று நொடி வருடுவது, கையை எடுத்துக்கொள்வது, நாய் மீண்டும் நெருங்கினால் மட்டும் தொடர்வது. உச்சந்தலையில் வருடினால் செவலை சற்றே குறுகுகிறது, மார்பின் பக்கத்தில் வருடினால் சாய்ந்துகொள்கிறது என்பதை இந்தச் சோதனையில் மகள் முன்பே கண்டுபிடித்திருந்தாள்.

சோபா சிக்கல் விரைவாகத் தீர்ந்தது. வளர்ந்த நாய்கள் நாளில் ஏறத்தாழ பாதி நேரம் உறங்குகின்றன. அந்த வீட்டில் யாரும் குறுக்கே நடக்காத ஒரே இடம் சோபாவின் மூலைதான். அறையின் மூலையொன்றில் படுக்கை போட்டு, அங்கே படுத்திருக்கும் நாயை யாரும் தொடக்கூடாது என்று விதித்தோம். இறங்கச் சொல்லக் கழுத்தைப் பிடிப்பதற்குப் பதிலாகத் தள்ளி நின்று அழைக்கப் பழகினோம்.

தெரிவு இல்லாத இடங்கள்

தடுப்பூசி, காதுப் பரிசோதனை, சாலையைக் கடத்தல் ஆகியவற்றில் நாயின் மறுப்பை எப்போதும் ஏற்க முடியாது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. நிறுத்த முடியாத ஒன்றைச் செய்யும்போது, நிறுத்தலாம் என்று பொருள்படும் தலையணையை அங்கே கொண்டுபோகக் கூடாது என்பது நாங்கள் வகுத்த விதி. மருத்துவமனைக்கு வேறு விரிப்பு, வேறு சொல். மூச்சிரைக்கவும் நீர் குடிக்கவும் இடம் தரும் கூடை வடிவ வாய்க்கவசத்தை வீட்டிலேயே, வாரக்கணக்கில், தானாக மூக்கை நுழைக்கும்வரை பழக்கியிருந்தோம். பயணத்துக்கு முன் பதற்றம் தணிக்க மருத்துவர் ட்ரசோடோன் பரிந்துரைத்தார். ஒருமுறை மனைவி அவசரத்தில் தலையணையில் வைத்தே நகம் வெட்ட முயன்று, செவலை தலையைத் தூக்கியும் நிறுத்தாமல் ஒரு நகத்தை முடித்துவிட்டார். இழந்த நம்பிக்கையை மீட்க ஏழு நாள்கள் ஆயின.

ஐந்தாம் மாத முடிவில் வீட்டார் நால்வரில் மூவரால் பட்டையை மாட்ட முடிந்தது. கடி எதுவும் நிகழவில்லை. இந்த மாற்றத்தில் காதுச் சிகிச்சைக்கு எவ்வளவு பங்கு, தலையணைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல ஒரே நாயின் கதையால் இயலாது. வலி தீர்ந்தபின் காலம் கடந்ததே போதுமானதாகவும் இருந்திருக்கலாம். கொக்கி ஒலிக்கு மேசைக்கடியில் ஒதுங்கியது சிகிச்சைக்குப் பின்னும் நீடித்தது என்பதும், முறை மாறிய வாரத்திலேயே அது குறையத் தொடங்கியது என்பதும் மட்டுமே என் பக்கத்துச் சான்றுகள்.

ஏழாம் மாதத்தில், நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒரு காலையில், செவலை தலையணைக்கு அருகே வந்து நின்றது, தாடையை வைக்கவில்லை. மறுநாளும் வைக்கவில்லை. முன்பென்றால் பிடிவாதம் என்று பெயர் வைத்திருப்பார்கள். மூன்றாம் நாள் கணவர், என்னைக் கேட்காமலே, நேராகக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். இடக்காது மீண்டும் சிவந்திருந்தது. சொறிதல் இன்னும் தொடங்கவே இல்லை. திரும்பத் திரும்ப வரும் காது அழற்சிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒவ்வாமை இருக்கும் என்பதால், மருத்துவரின் மேற்பார்வையில் எந்த உணவு ஒவ்வவில்லை என்று விலக்கிப் பார்த்து அறியும் உணவு விலக்குச் சோதனை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. பத்தாம் நாள் தாடை தலையணைக்குத் திரும்பியதாக மகள் படம் அனுப்பியிருந்தாள். வலக்கன்னம் அழுந்த, இடக்காது மேலே தெரியும்படி, சற்றுக் கோணலாக வைத்திருந்தது.